செம்புக்குடத்துக் கடல்

எனக்கு வாய் பெரிது. இதை இன்னொருவர் சொன்னால் இந்த வயதிலும் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். காலையில் என் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தால் அந்தச் சேதி பன்னிரண்டாவது வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். யார் மேலும் கை ஓங்கியது கிடையாது. அதை அப்போது பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடியப்போகிற காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. ரயில்வேயில் தந்தி, சிக்னல் சாமான்கள் வைக்கும் ஸ்டோரில் கிளார்க் வேலை. கல்யாணம் நாகப்பட்டினம் பக்கம் நடந்தது. லீவு முடிந்து நான் முன்னால் திரும்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து என் மனைவி அவளுடைய அண்ணனோடு கப்பலேறி வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினாள். அண்ணன் கிள்ளான் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். மருந்து வாசனையும் மெதுவான பேச்சும் உள்ள மனிதர். தங்கையை என்னிடம் விட்டுவிட்டு, “பாத்துக்குங்க மாப்பிள்ளை” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தண்டவாளம். எல்லாம் நிலக்கரி வண்டிகள். வண்டி வருகிற நேரம் பார்த்துக் கொடியில் கிடக்கும் துணிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். தவறினால் வெள்ளைத் துணி முழுக்கக் கரி விழுந்துவிடும். எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் வண்டி நேரம் மனப்பாடம். இவள் வந்து நான்கு மாதமாகியும் ஒரு நாள் மறந்துவிட்டாள். மறுநாள் துரை ஸ்டோரைப் பார்க்க வருகிறார், என் ஒரே நல்ல சட்டை புள்ளி புள்ளியாகக் கொடியில் ஆடுகிறது. நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். நான் முடிக்கிற வரைக்கும் அவள் நின்று கேட்டாள். சட்டையை எடுத்துப்போய் மறுபடி துவைத்துப் பிழிந்து வீட்டுக்குள்ளேயே காயப் போட்டாள். அப்புறம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, “தீவாளி கழிச்சு வர்ற கப்பல்ல நான் போயிடறேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்” என்றாள்.

அழுதிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். அவள் அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரல். தீபாவளிக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம், எனக்குத் தெரிந்த அளவில் குரலைத் தணித்துக்கொண்டு, ஊர் ஞாபகமா என்று கேட்டேன்.

“ஊரு ஞாபகமெல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க போயி என்ன செய்யப்போறேன்னும் தெரியல. கப்பல்ல ஏழு நாளு வந்தேன். யாரும் என்னைய ஒண்ணும் சொல்லல. தண்ணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அந்த மாதிரி ஒரு நாளு எனக்கு இங்க வாய்க்கல.”

இதில் இரண்டு சேதி இருந்தது. ஒன்று தண்ணீர், இன்னொன்று என் வாய். என் காதில் விழுந்தது தண்ணீர் மட்டும். அவளுக்குக் கடல்தானே வேண்டும், கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் கப்பல் எதற்கு என்று நான் முடிவுகட்டினேன். என் மூளை அப்படி.

ஸ்டோரில் கழித்துப்போட்ட சாமான்களுக்கென்று ஒரு மூலை உண்டு. அங்கே பாட்டரிக்குப் பயன்பட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று ரொம்ப நாளாகக் கிடந்தது. இரண்டு சாண் நீளமும் ஒரு முழ உயரமும் இருக்கும். தடித்த, லேசான பச்சை ஓடிய கண்ணாடி. விளிம்பில் ஒரு மூலை மட்டும் சிதைந்திருந்தது. கேட்டேன், எடுத்துக்கொள் என்றார்கள். துரைமார் படித்துப் போட்ட பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டும் அதே மூலையில் கிடக்கும். அதில் ஒன்றில், சீமையில் ஒரு சீமாட்டி தன் வீட்டு முன்னறையில் கடல்தண்ணீரைக் கண்ணாடிப் பெட்டியில் நிரப்பி அதில் உயிர்களை வளர்ப்பதைப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். அடியில் மணல் போட வேண்டும். வெயில் நேராகப் படக்கூடாது. தினமும் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து விட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சு. தண்ணீர் வற்றினால் மழைத்தண்ணீரை ஊற்ற வேண்டும், கடல்தண்ணீரை அல்ல. ஏனென்றால் வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. இவ்வளவும் ஒரு பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தைக் காணவில்லை. கச்சாங் பூத்தே விற்கிறவர் கடலைப் பொட்டலம் மடிக்கக் கிழித்துக்கொண்டு போயிருப்பார்.

தொட்டியைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினேன், கழுவினேன், ஒரு வாரம் கழுவினேன். முற்றத்தில் மழையில் வைத்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், என்னவென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாளோ என்று எனக்குப் பயம்.

தெருமுனைச் சீனக்கடை முதலாளியிடம், தவுக்கே என்போம், சோயாக் கீச்சாப் வைக்கும் பெரிய ஜாடி ஒன்றை இரவல் வாங்கினேன். உள்ளும் புறமும் மெருகு போட்ட மண்ஜாடி. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அதைத் தூக்கிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் போனேன். சாலாக் செலாத்தானில் குடியிருந்த ரயில் கார்டு ஒருவர் எனக்குப் பழக்கம். ஜாடியைத் தன் பெட்டியில் ஏற்றிக்கொள்ள விட்டார். ஜாடியில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, வரும்போதுதான் இருக்கும் என்றேன்.

அந்தத் துறைமுகத்துத் தண்ணீர் சேறு கலந்த தேநீர் நிறம். சுற்றிலும் கண்டல் காடு. நீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போயிருந்தேன். படகுத்துறையின் மரத்தூண்கள் இடுப்பளவுக்கு வெளியே தெரிந்தன. தூண்களின் அடியிலும் கற்களிலும் சிப்பியும் பாசியுமாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தன. நண்டு பிடிக்கிற சீனர் ஒருவர், பாதிச் சேற்றில் நின்றுகொண்டு, நான் தேடுவது என்னவென்று புரிந்ததும் சிரித்தார். சோற்றுக்கு ஆகாத சாமானைத் தேடி வந்த முதல் மனிதன் நான்தான் போலிருக்கிறது. அவரே குனிந்து ஒரு கல்லைப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். கல்லின் மேல் பழுப்புச் சதையாக ஒரு கொழகொழப்பு. தொட்டால் இன்னும் சுருங்கியது. வாங்கி வைத்துக்கொண்டேன், அவர் மனம் கோணக்கூடாதே என்று. இப்போது படித்தவர்கள் அதைக் கடற்சாமந்தி என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பூ.

அதோடு சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் மூன்று, கண்ணாடி இறால் ஐந்து, கட்டைவிரல் நீளத்தில் இரண்டு மீன். படகு ஒன்றின் அடியில் கிடந்த சிப்பி மணல் ஒரு சாக்கு. ஜாடியை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். சேறு அடங்கி, மேல்நீரை மட்டும் மெதுவாகத் தொட்டியில் ஊற்றி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. முன்னறையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு மேசை. அதன் மேல் தொட்டி. அதுவரை மண்சட்டியில் வைத்திருந்த உயிர்களை இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவள் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெயில் சுவரில் பட்டுத் தெறித்துத் தொட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து இளம்பச்சையாக வெளியே வந்து அவள் முகத்திலும் கழுத்திலும் அசைந்துகொண்டிருந்தது. கொழகொழப்பாக வந்த அந்தச் சதை விரிந்திருந்தது. நூறு விரல் இருக்கும். நுனியில் லேசான ஊதா. காற்றில்லாத இடத்தில் அவை தாமாக அசைந்தன. நான் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றேன். “கப்பல்லயும் தண்ணி இப்படித்தான் சத்தமில்லாம இருந்துச்சு” என்று அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் மதியத்தில் கண்ணயர்ந்தால் அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள்தான் போய் விழுகிறேன். காலையில் எழுந்ததும் அவள் ஒரு சிரட்டையால் நீரை மொண்டு கை உயரத்திலிருந்து விடுவாள். முத்து முத்தாகக் குமிழ் இறங்கும். இறால்கள் குமிழோடு ஏறி வந்து, உடம்புக்குள் இருப்பதெல்லாம் தெரிய, மறுபடி கீழே மிதந்து போகும். சங்கு நண்டுகளில் ஒன்றுக்கு ஒரு சங்கில் இருப்புக் கொள்ளாது. காலி சங்கு ஒன்றைப் போட்டுவைத்தால் சாயங்காலத்துக்குள் வீடு மாற்றியிருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் என்னைத் திட்டுகிற பெயர், அதையும் எழுத மாட்டேன்.

வண்டி போகும்போது எங்கள் தரை அதிரும். தரை அதிர்ந்தால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் பூ மூடிக்கொள்ளும். வண்டி போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு விரலாகத் திறக்கும். சீக்கிரத்திலேயே அவள் கொடித் துணியை வண்டிச் சத்தம் கேட்டு எடுப்பதில்லை. எங்கள் காதுக்கு எட்டுமுன்பே பூவின் நுனி சுருங்க ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போவாள். என் சட்டைகள் அந்த நாட்களில் வெள்ளை வெளேரென்று இருந்தன.

ஒரு நாள் நான் ஏதோ கடுப்பில் மேசையில் குத்தினேன். குழம்பில் உப்பு என்று நினைக்கிறேன். கத்த வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தாள். “பூ மூடிக்கிச்சு” என்றாள். அவ்வளவுதான். நான் பார்த்தேன். ஒரு நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிக் கல்லோடு கல்லாக இருந்தது. அது திறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம். அதற்குள் எனக்குக் கோபம் எதற்கு வந்தது என்பதே மறந்துபோயிற்று. அதற்கு முன்னால் என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்ததில்லை.

அந்த மாதிரி உட்கார்ந்திருக்கையில்தான் அவள் பேச ஆரம்பித்தாள். மழை பெய்கிற பிற்பகல்கள். கூரைத் தகரத்தில் சத்தம், உள்ளே தண்ணீர். கப்பல் தட்டில் பறந்துவந்து விழுந்த மீனைப் பற்றிச் சொன்னாள். பாயும் பெட்டியுமாகச் சனங்கள் வாந்தியெடுத்துக்கொண்டு கிடக்க, தனக்கு மட்டும் ஒன்றும் செய்யாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். கல்யாணத்தில் என்னைத் தான் சரியாகப் பார்க்கவே இல்லை என்றும், கப்பலில் வரும்போது என் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்று வேறு யாரோ ஒருவர் முகம்தான் வந்தது என்றும் சொல்லிச் சிரித்தாள். நல்ல முகமா அது என்று கேட்டேன். சத்தம் போடாத முகம் என்றாள். நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் அவள் தபால் கார்டு ஒன்று வாங்கிவரச் சொன்னாள், அண்ணனுக்கு எழுத வேண்டும் என்றாள். என்ன எழுதப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கார்டு அலமாரித் தட்டில் வெறுமையாக இருந்தது. கப்பல் வேண்டாம் என்றுதான் எழுதுவாள் என்று எனக்குள் ஒரு நிச்சயம். அந்த நிச்சயம்தான் என்னை ஆட்டி வைத்தது. இன்னும் கொஞ்சம் அழகாக, இன்னும் கொஞ்சம் சுத்தமாகக் கடலை வைத்துவிட்டால் எழுதியே விடுவாள் என்று நினைத்தேன். தொட்டித் தண்ணீர் அப்போது லேசாகப் பழுப்பேறியிருந்தது. புதுத் தண்ணீர் கொண்டுவரப் புறப்பட்டேன்.

தவுக்கே ஜாடியில் கீரை ஊறப்போட்டுவிட்டார். வீட்டில் மண்ணெண்ணெய் டின் இருந்தது, அதில் என்ன கழுவினாலும் வாடை போகாது. அடுப்படியில் பார்த்தேன். அவளுக்குச் சீராக வந்த செம்புக்குடம் அங்கே இருந்தது. நல்ல கனம், குறுகிய கழுத்து. நம் வீடுகளில் நல்ல தண்ணீருக்குச் செம்பைவிட உயர்ந்த பாத்திரம் ஏது. கோயில் தீர்த்தம் செம்பில். காசிக்குப் போய்வந்தவர்கள் கங்கையைக் கொண்டுவந்தது செம்பில். செம்பில் வைத்த தண்ணீர் கெடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலுக்கு மரியாதை செய்கிறோம் என்றே நினைத்தேன். அவளைக் கேட்கவில்லை. எடுத்து வைத்து, புளியும் சாம்பலும் போட்டு, உள்ளே கைவிட்டுக் கழுத்து வரைக்கும் தேய்த்தேன். தணல் நிறத்துக்கு வந்தது.

“அது குடிதண்ணிக் குடம்” என்றாள் அவள், கதவோரம் நின்று.

நமக்கு ஆகிறது மீனுக்கு ஆகாதோ என்று நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. சேறு நன்றாக அடங்கட்டும் என்று குடத்திலேயே நான்கு நாள் வைத்தேன். வாயில் துணி கட்டி, மூலையில், பத்திரமாக. வியாழக்கிழமை சாயங்காலம் பழைய தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினேன். எவ்வளவு தெளிவு. இறால்கள் அந்தரத்தில் நிற்கிற மாதிரித் தெரிந்தன. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்படுகையில் அவள் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு விட்டுக்கொண்டிருந்தாள். பூ மூடியிருந்தது. வண்டி போயிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தபோது ஐந்து இறாலும் வெள்ளையாகி மணலில் கிடந்தன. மீன் இரண்டும் மேலே பக்கவாட்டில் மிதந்தன. சங்கு நண்டுகள் சங்கைவிட்டு அம்மணமாக வெளியே வந்து கிடந்தன. அவை அப்படி வரவே வராது. பூவைத் தொட்டேன். கல்லைவிட்டு நழுவி, கையில் சளி மாதிரி வந்தது.

அவள் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், கண் சிவந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கத்தினேன். மஞ்சள் கையை விட்டுக் கலக்கியிருக்கிறாய், இரண்டு மாதப் பாட்டை ஒரே நாளில் கொன்றுவிட்டாய், உனக்கு இங்கே இருக்க இஷ்டமில்லை, அதனால்தான் என்றேன். அந்தக் கடைசி வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் அடுப்படிச் சத்தம் நின்றுபோயிற்று. அவள் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடுத்த வீட்டார் மூலம் சேதி போய், சனிக்கிழமை அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் மோசம்.

அந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. அடுத்த வீட்டார் கொண்டுவந்து வைத்த பலகாரத்தில் எறும்பு ஏறியது. கப்பல் செவ்வாய்க்கிழமை என்று துறைமுகத்துக் கிளார்க் ஒருவர் மூலம் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலி சங்குகளையும் அந்தக் கல்லையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வண்டியேறினேன். அவற்றைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை, எடுத்த இடத்திலேயே போட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நான் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்றுதான் வந்தேன், மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீர் வற்றியிருந்தது. கல்லைத் தூணோரம் போட்டேன், சங்குகளை ஒவ்வொன்றாக எறிந்தேன். பக்கத்தில் ஒரு மோட்டார் படகைச் சேற்றுக்கரையில் சாய்த்துவைத்து மலாய்க்காரர் ஒருவர் அடிப்பகுதிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். மேலே வெள்ளை. நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் சிவப்பு. வெயிலில் அது ஈரமாக, புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தின் நிறத்தில் மின்னியது. வேறு வேலை இல்லாதவன் பேச்சுக்கு, கீழே மட்டும் ஏன் சிவப்பு என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் கேட்டேன்.

“இனி சாட் அடா தெம்பாகா. ஆப்பா பூன் தா ஹிடூப்” என்றார் அவர், தூரிகையை நிறுத்தாமல். இந்தச் சாயத்தில் செம்பு இருக்கிறது, எதுவும் உயிரோடு ஒட்டாது.

பிறகு அவரே தூணைக் காட்டி விளக்கினார். அந்தச் சாயம் இல்லையென்றால் சிப்பியும் பாசியும் படகின் அடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், படகு நகராது. செம்பு கடலில் வாழ்கிறதுக்கெல்லாம் விஷம். இது சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் என்கிற மாதிரி சொன்னார். நான் அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டேன். நான்கு நாள். புளி போட்டு உள்பக்கம் தேய்த்து, வாயைத் துணியால் கட்டி, நான்கு நாள் ஊற வைத்து ஊற்றினேன். என் கையால்.

கிள்ளானுக்கு ஐந்து மைல். வண்டிக்கு நேரம் இருந்தது, ஆனால் உட்கார முடியவில்லை; நடந்தேன். பாதையோரம் நெடுக மரங்கள், கீழே நிழல் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்கும் தெரியாது, யாருக்குத்தான் தெரியும் என்று ஒன்று. குடம் உன் வீட்டுச் சீர்தானே என்று இன்னொன்று. அதுவும் தோன்றியது, மறைக்கவில்லை. பாலம் வந்தபோது எல்லாம் தீர்ந்துவிட்டது.

அண்ணன் வீட்டில் கூடத்திலேயே அவளுடைய தகரப் பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தார். வழியனுப்ப ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைக்கு லீவு கேட்டிருப்பதாக, நான் கேட்காமலே சொன்னார். அவள் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். நான் உட்காரவில்லை. முட்டி வரைக்கும் சேறு.

“மஞ்சள் இல்ல. செம்புதான் கொன்னுருச்சு” என்றேன். “நான் தேச்ச குடம், நான் ஊத்துன தண்ணி. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் கொன்னேன், பழிய உன் மேல போட்டேன்.”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் இருந்தது.

“யாரு சொன்னா?”

படகுக்குச் சாயம் அடிக்கிறவரைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சிவப்பைப் பற்றியும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

“அவரு சொல்லலேன்னா?” என்றாள்.

எனக்கு எந்தக் கேள்விக்கும் பத்துப் பதில் உண்டு. அன்றைக்கும் வாயில் வந்தன. நானே யோசித்துக் கண்டுபிடித்திருப்பேன், கோபம் தணிந்ததும் வந்திருப்பேன், எப்படியும் வந்திருப்பேன். ஒன்றும் உண்மையில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“சொல்லலேன்னா, நீதான்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன்” என்றேன். “சாகிற வரைக்கும் சொல்லியிருப்பேன்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். நான் அவளுக்கு என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு முழுக்க விளங்கியது. கடல் கேட்டதாக நினைத்துக் கடலைக் கொண்டுவந்தேன். அவள் கேட்டதை நான் கொண்டுவந்ததே இல்லை.

“நான் இத மறந்துருவேன்னு நெனைக்காதீங்க” என்றாள்.

நினைக்கவில்லை என்று தலையாட்டினேன். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, செவ்வாக்கெழமைக்கு நீ லீவு போட வேணாம்.”